துருப்பிடித்த பீலி: தேய்த்துப் பூசுவதா, வெட்டி ஒட்டுவதா, கழற்றி எறிவதா?

போன ஆவணியில் எங்கள் குடும்பத்துக்குள், கூரை விளிம்பில் மழைத் தண்ணீரை ஏந்தும் பீலிகள் மூன்று வீட்டில் ஒரே நேரத்தில் பேச்சுக்கு வந்தன. வடமராட்சியில் கடலிலிருந்து முந்நூறு யார் தூரம் தள்ளி நிற்கும் எங்கள் வீடு ஒன்று. கோண்டாவிலில் அக்கா வீடு. காரைநகரில் மாமியின் பழைய நாற்சார் வீடு. மூன்றிலும் நாகம் (சிங்க்) பூசிய தகரப் பீலி, மூன்றிலும் துரு. மச்சான் வழக்கம்போல ஒரே மூச்சில் தீர்ப்புச் சொன்னார்: "கம்பிப் பிரஷ்ஷால தேய்ச்சு, ரெட் ஒக்சைட் அடிச்சு, மேலால வெள்ளிப் பெயின்ற். மூண்டு வீடும் மூண்டு நாளில முடிஞ்சுது."

கடைசியில் மூன்று வீட்டில் மூன்று விதமான வேலை நடந்தது. பெயின்ற் அடித்தது ஒரு வீட்டில் மட்டும், அதுவும் பாதிப் பீலிக்கு. எது மலிவு என்று கேட்டுத் தொடங்கினால் எப்போதும் பெயின்ற்தான் வெல்லும். துரு எந்தப் பக்கத்தில் தொடங்கியது, பீலித் தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்ற இரண்டையும் கேட்டால் விடை மாறிவிடுகிறது.

ஏணியில் ஏறிப் பார்த்தல்

கீழே நின்று பார்த்தால் தெரிவது சுவரில் இறங்கிய காவிக் கோடு மட்டும்தான். ஏறிப் பார்க்க வேண்டும். தகரத்தின் மேல் மாவு படிந்ததுபோல வெள்ளையாக இருந்தால், தேய்வது இன்னும் நாகம்தான். இரும்புக்கு எதுவும் நேரவில்லை. பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் நாகம் அங்கங்கே தீர்ந்துவிட்டது. செதிலாக எழும்பினால் ஒரு ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே போனால் பூசுவதற்கு அங்கே தகரமே இல்லை. பெயின்ற் கடைக்குப் போகும் பயணத்தையாவது மிச்சப்படுத்தலாம்.

அப்புறம் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஊர்ப் பீலிகளில் பெரும்பாலானவை உள்ளிருந்துதான் அழுகுகின்றன. மாவிலை, வேப்பஞ்சருகு, ஓட்டிலிருந்து உதிர்ந்த தூள், பாசி எல்லாம் சேர்ந்து அடியில் ஒரு சேறாகப் படிகிறது. மழை விட்டு நான்கு நாளானாலும் அந்தச் சேறு காயாது. ஈரத்துணியைச் சுற்றி வைத்ததுபோலத் தகரத்தோடு ஒட்டிக் கிடக்கும். வெளிப்பக்கத்துக்கு அழகாகப் பெயின்ற் அடித்து, உள்ளே சேற்றை அப்படியே விட்ட பீலிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பார்வைக்குப் புதிது, ஒரு மாரிக்குப் பிறகு அடி கழன்றுவிடும்.

கடற்கரையில் மட்டும் கதை தலைகீழ். அங்கே பீலியின் வெளி அடிப்பக்கமும், இறவாரப் பலகையோடு ஒட்டிய முதுகும்தான் முதலில் போகும். காரணம் எளிது. காற்றில் வரும் உப்பு எல்லாப் பக்கமும் படிகிறது, ஆனால் மழை கழுவுவது திறந்த பக்கத்தை மட்டுமே. கூரையின் கீழ் ஒதுங்கி நிற்கும் பக்கத்தில் உப்பு ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அந்த அடியைக் கழுவினால் பீலி கூடக் காலம் நிற்கும் என்பது சரியான ஆலோசனைதான். ஆனால் எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீரே உவர். உப்பை உப்புத் தண்ணீரால் கழுவி என்ன பயன்?

நாகத்துக்கு ஒரு கணக்கு

தகரத்தைத் துருவிலிருந்து காப்பது அதன்மேல் உள்ள நாகம். அது இரும்புக்கு முன்னால் தான் கரைந்து இரும்பைக் காக்கும். சிறு கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள நாகம் அந்த இடத்துக்கும் சேர்த்துக் காவல் நிற்கும். ஆக எவ்வளவு நாகம் இருக்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு கரைகிறது என்பதுதான் பீலியின் ஆயுள்.

நல்ல தகரத்தில் இசட் 275 என்ற குறி இருக்கும். ஒரு சதுர மீற்றர் தகட்டின் இரு பக்கமும் சேர்த்து 275 கிராம் நாகம் என்று அர்த்தம். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு). 120 கிராம் பூசிய தகடுகளும் விற்பனைக்கு வருகின்றன. அதில் ஒரு பக்கத்துக்கு எட்டரை மைக்ரோன்கூடச் சரியாக வராது. உலோகம் அரிக்கும் சூழல்களை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 9223 என்ற தரம், நடுத்தரச் சூழலில் நாகம் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரோன் வரையும், உப்புக் காற்று கடுமையாக அடிக்கும் இடத்தில் 4.2 முதல் 8.4 மைக்ரோன் வரையும் கரையும் என்கிறது. வகுத்துப் பாருங்கள். ஒரே இசட் 275 தகரம் கடலிலிருந்து தள்ளிய உள்ளூரில் பத்து, இருபது ஆண்டு நிற்கும். கடல் தூறல் படும் இடத்தில் மூன்று, நான்கு ஆண்டில் நாகம் தீர்ந்துவிடும். மலிவுத் தகரமென்றால் கரையோரத்தில் இரண்டு மாரி.

இந்தக் கணக்கைப் போட்டபின் "அதே தகரத்தை மறுபடி வாங்கி மாட்டுவோம்" என்ற யோசனை எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அங்கேயே முடிந்துவிட்டது.

பெயின்ற்: எங்கே சரி, எங்கே வீண்

அக்கா வீட்டில் ஒரு புதிர் இருந்தது. முன்பக்கம் ஓடு, பின்பக்கக் குசினிக்கு சில ஆண்டுகளுக்கு முன் போட்ட கலர் சீற், அதாவது நிறம் பூசிய தகட்டுக் கூரை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய தகரத்தில்தான் பீலி அடித்தார்கள். ஓட்டுப் பக்கம் வெள்ளை மாவு மட்டும். குசினிப் பக்கம் செதில் செதிலாகத் துரு. அடுப்புப் புகை என்று அக்கா நினைத்திருந்தார்.

பெரும்பாலும் புகையல்ல, கூரைதான். பழைய நாகத் தகரக் கூரையில் விழும் மழை, கூரையிலேயே கொஞ்சம் நாகத்தைக் கரைத்துக்கொண்டு பீலிக்கு வரும். பீலிக்கு அது பெரிய தொல்லை தருவதில்லை. முன்பக்கத்து மினுக்கில்லாத ஓட்டிலிருந்து வரும் தண்ணீரும் அதைப்போலத்தான். கலர் சீற், நாக-அலுமினியத் தகடு, கண்ணாடி, மினுக்கு ஓடு போன்றவை தண்ணீருக்கு எதையும் கொடுப்பதில்லை. வெறும் மழைத் தண்ணீர் அப்படியே இறங்கிப் பீலியிலுள்ள நாகத்தைத் தின்னத் தொடங்குகிறது. அவுஸ்திரேலியாவில் தகடு செய்பவர்கள் இத்தகைய கூரைகளின் கீழ் பெயின்ற் இல்லாத நாகப் பீலி பொருத்த வேண்டாம் என்றே சொல்கிறார்கள். நம் ஊரில் கூரையை மாற்றும்போது, பீலி நன்றாகத்தானே இருக்கிறது என்று பழையதை விட்டுவிடுவது வழக்கம். அந்தச் சிக்கனம்தான் பீலியைக் கொல்கிறது.

ஆகவே அக்கா வீட்டில் முன்பக்கத்துக்குப் பெயின்ற், பின்பக்கத்துக்குப் புதுப் பீலி.

பெயின்ற் அடிப்பதென்றால் வேலையின் முக்கால் பங்கு பூசுவதற்கு முன்னால். சேற்றை அள்ளி, கழுவி, நன்றாகக் காயவிட்டு, வெள்ளை மாவைக் கடினமான நைலோன் பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். பழுப்புப் புள்ளி உள்ள இடத்தை மட்டும் கம்பிப் பிரஷ்ஷால் பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். முழுப் பீலியையும் கம்பிப் பிரஷ்ஷால் போட்டுத் தேய்த்தால் மிச்சமிருக்கும் நாகமும் போய்விடும். மச்சான் செய்யவிருந்தது அதைத்தான்.

நாகத் தூள் நிறைந்த பெயின்ற் ஒன்று கடைகளில் இருக்கிறது. குளிர் நாகப் பூச்சு என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நல்ல சாமான்தான். ஆனால் அந்த நாகத் தூள் வெற்று இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும். துருவின் மேல் பூசினால் அது விலை கூடிய சாம்பல் நிறம், அவ்வளவுதான். துருவைக் கறுப்பாக மாற்றும் திரவம் வேறு வகை. அதிலுள்ள பொஸ்போரிக் அமிலமோ தனின் அமிலமோ துருவோடு சேர்ந்து ஒரு படலமாகும். அதன்மேல் நாகப் பெயின்ற் பிடிக்காது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிவிட்டு "இரட்டைப் பாதுகாப்பு" என்று மகிழ்வது வீண்.

இன்னொன்று: நாகத்தின் மேல் நேரடியாக எண்ணெய்ப் பெயின்ற் அடித்தால் ஒன்றிரண்டு ஆண்டில் தோல்போல உரிந்து வருவதைக் கண்டிருப்பீர்கள். எண்ணெயும் நாகமும் சேர்ந்து இடையில் சவர்க்காரம் மாதிரி ஒரு படலம் உண்டாகிறது. பெயின்ற் அதன்மேல் மிதந்து நிற்கிறது. நாகத் தகட்டுக்கென்று உள்ள பிறைமரை (அடிப்பூச்சை) கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் "இதுவும் அதுதான்" என்று ரெட் ஒக்சைட்டை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

ஒட்டு

இருபது அடிப் பீலியில் ஒரு சாண் இடத்தில் மட்டும் ஓட்டை என்றால் முழுவதையும் கழற்ற வேண்டியதில்லை. ஓட்டையை மூடும் ஒட்டு நாடாக்களில், அலுமினியப் படலத்தின் கீழ் பசை உள்ளவை பரவாயில்லை. காய்ந்த, சுத்தமான தகரத்தில்தான் அவை பிடிக்கும். கார்த்திகை மழைக்கு நடுவில் ஏறி ஒட்டினால் கையில்தான் ஒட்டும். ஓடு வேய்வதுபோல மேட்டுப் பக்கத்து நாடா பள்ளப் பக்கத்து நாடாவின் மேல் ஏறி நிற்க வேண்டும். என்னதான் கவனமாக ஒட்டினாலும் நாடாவின் தடிப்பு ஒரு சின்ன அணைக்கட்டு; அதற்குப் பின்னால் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், நின்ற இடத்தில் அடுத்த துரு. ஒரு மாரியைக் கடக்க நல்ல வழி, மூன்று மாரிக்கு அல்ல.

பழுதான துண்டை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைத்து ஈயம் பற்றவைப்பது பழைய தகர வேலைக்காரர்களின் முறை. சுத்தமாகச் செய்தால் பீலியிலேயே உறுதியான இடம் அந்த மூட்டுத்தான். இப்போது ஆணி அடித்து, மேலே சிலிக்கன் தடவிவிட்டுப் போகிறார்கள். சிலிக்கனை முகர்ந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்தால் அது அமிலம் விட்டு இறுகும் வகை; நாகத்தையே அரிக்கும். மணமில்லாத நியூட்ரல் வகைதான் வேண்டும். நாக-அலுமினியப் பீலிக்கு ஈயம் பற்றாது, அதற்கு அலுமினிய ரிவெற்றும் இந்தச் சிலிக்கனும்தான் கதி.

மாற்றுவதென்றால் எதற்கு?

சாரம் கட்டும் கூலி, ஏணி, இரண்டு ஆளின் நாட்கூலி எல்லாம் பெயின்ற்றுக்கும் ஒன்றுதான், புதுப் பீலிக்கும் ஒன்றுதான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெயின்ற்றுக்காக ஏறுவதை மூன்று முறை கூட்டிப் பார்த்தால் மலிவு என்று நினைத்தது மலிவாக இராது. எங்கள் வீட்டுக்கு இந்தக் கணக்குத்தான் முடிவைத் தந்தது.

கடற்கரைக்குப் பிவிசி. துருப்பிடிக்க அதில் எதுவும் இல்லை, உப்பு அதை எதுவும் செய்யாது. ஆனால் அதற்கும் குணங்கள் உண்டு. வெயிலில் நீளும். 10 மீற்றர் பிவிசிப் பீலி, காலைக்கும் உச்சி வெயிலுக்கும் இடையில் 30 பாகை வேறுபாட்டில் 2 சென்ரிமீற்றர் அளவுக்கு நீண்டு சுருங்கும். இரும்புப் பீலி 4 மில்லிமீற்றர்கூட நீளாது. இரண்டு முனையையும் இறுக்கிப் பூட்டினால் நடுவில் வளையும், இல்லையேல் மூட்டு வெடிக்கும். மூட்டில் நீள இடம் விட வேண்டும், முழுவதையும் பசையால் ஒட்டக்கூடாது. தாங்கிகளை நெருக்கி, 2 அடிக்கு ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள். 5 அங்குல அரைவட்டப் பீலி அடைத்து நிரம்பினால் ஒரு மீற்றரில் 6 லீற்றர் தண்ணீர் நிற்கும், 6 கிலோ எடை. 3 அடி இடைவெளியில் அது தொங்கிவிடும். அப்புறம், பிவிசியைத் தாங்கும் கம்பித் தாங்கி இரும்பாக இருந்தால் துரு அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் வேலையில் முதலில் கொண்டுவந்தது அப்படித்தான். திருப்பி அனுப்பி பிளாஸ்ரிக் தாங்கி எடுத்தோம், திருகாணிக்கு துருப்பிடிக்காத உருக்கு. தென்னைக்குக் கீழே பிவிசி வேண்டாம். ஒரு மட்டை போதும்.

உள்ளூர் வீட்டுக்கு, குறிப்பாகக் கலர் சீற் கூரைக்கு, நாக-அலுமினியத் தகட்டுப் பீலி பொருத்தம். அந்தப் பூச்சில் எடைக்கணக்கில் 55 வீதம் அலுமினியம், 43.5 வீதம் நாகம், மிச்சம் சிலிக்கன் என்ற தனிமம் (மூட்டில் தடவும் சிலிக்கன் அல்ல). வெறும் நாகத்தைவிடப் பல மடங்கு நிற்கும். ஈரச் சீமெந்து மட்டும் அதற்குப் பகை. முகட்டு ஓடு பூசும்போது சிந்தும் சாந்து பீலிக்குள் கிடந்தால் அந்த இடம் கறுத்து அரிக்கும். மேசன் இறங்கும் முன்பே கழுவிவிட வேண்டும். அக்கா வீட்டுக் குசினிப் பக்கத்துக்கு இதுதான் போட்டோம்.

துருப்பிடிக்காத உருக்கில் 316 வகை கடற்கரைக்கும் நிற்கும். விலை கேட்டேன். அதைப்பற்றி மேலே எழுத எதுவுமில்லை.

குடிக்கிற தண்ணீருக்கு

காரைநகர் மாமியின் வீட்டில் பேச்சே வேறு. தீவுப் பகுதியில் பல கிணறுகள் உவர். யாழ்ப்பாணத்துக்கு ஆண்டு மழை 1,200 மில்லிமீற்றர் அளவில்; அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடும். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். மாமியின் தொட்டி அந்த மூன்று மாதத்தில் நிரம்பினால்தான் பங்குனியில் தேநீர். "தண்ணி தொட்டிக்குப் போகுது, கண்டதையும் பூசிப்போட்டுப் போகாதேங்கோ" என்று அவர் சொன்னதில் எந்தப் பிழையும் இல்லை.

துருவே உடம்புக்குப் பெரிய கேடல்ல. தண்ணீர் சிவக்கும், துணியில் கறை பிடிக்கும், சுவை மாறும். நாகமும் ஒரு லீற்றருக்கு 3, 4 மில்லிகிராமுக்கு மேல் போனால் துவர்ப்புத் தட்டும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது துருவுக்குப் போடும் மருந்துக்கு. பழைய வீடுகளில் இருப்பது ஈயம் கலந்த சிவப்புப் பூச்சாக இருக்கலாம். நிறத்தால் ரெட் ஒக்சைட்டிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. ரெட் ஒக்சைட் என்பது இரும்பின் சேர்மம், மற்றது ஈயத்தின் சேர்மம். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஈயத்துக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். ஒரு கிராமின் லட்சத்தில் ஒரு பங்கு. மஞ்சள் நிற சிங்க் குரோமேற் பிறைமர் நச்சுள்ள குரோமியம். தகரத்தைப் பற்றவைக்கும் வழக்கமான பற்றாசிலும் ஈயம் இருக்கிறது. இவை எதுவும் குடிநீர்ப் பீலியின் உள்ளே போகக்கூடாது. தாரும் வேண்டாம்; வெயிலில் உருகி மணம் விடும். பழைய பூச்சைக் காயவைத்துச் சுரண்டித் தூள் பறக்கவிடுவதும் ஆபத்து, பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் அதைச் செய்யவே கூடாது.

நாற்சார் வீட்டில் இன்னொரு சிக்கல்: நான்கு கூரையும் உள்முற்றத்தை நோக்கிச் சந்திக்கும் மூலைப் பீலிகள். வெளிப்பீலியைக் கழற்றி எறிந்தாலும் வீடு நிற்கும். மூலைப் பீலி போனால் தண்ணீர் நேரே சிலாகையிலும் சுவரிலும் இறங்கும். அந்த வடிவத்துக்குப் பிவிசி வராது. ஆகவே அங்கே தடித்த அலுமினியத் தகட்டை ஒரே துண்டாக மடித்துப் போட்டோம், சீமெந்தைத் தொடாதபடி கீழே தடித்த பொலித்தீன் விரித்து. தொட்டிக்குப் போகும் வெளிப்பீலி பிவிசி. பெயின்ற் ஒரு சொட்டுக்கூட இல்லை. மூன்று வீட்டிலும் அதிகம் செலவானது இதுதான், செலவழித்ததில் மனம் உறுத்தாததும் இதுதான்.

கழற்றி எறியலாமா?

எங்கள் வீட்டு மேற்குப் பக்கத்தில் அதைத்தான் செய்தோம். அந்தப் பக்கம் வாசலில்லை, தண்ணீரைச் சேர்ப்பதுமில்லை, இறவாரம் இரண்டரை அடி வெளியே நீட்டி நிற்கிறது. ஓலை வேய்ந்த காலத்தில் யார் பீலி வைத்தார்கள்? தண்ணீர் விழும் கோட்டில் இரண்டடி அகலத்துக்கு மண்ணை வாரி, சல்லிக்கல் கொட்டி, வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிவு விட்டோம். சேறு சுவரில் தெறிப்பது நின்றது. இறவாரம் குட்டையாக இருந்தாலோ, அத்திவாரத்தோடு தண்ணீர் தேங்கினாலோ இதை நினைக்கவே வேண்டாம்.

கழற்றுவதில் ஒரு லாபமும் உண்டு: நுளம்பு. தொங்கிப்போன பீலியில் நிற்கும் ஓரங்குலத் தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாளில் முட்டை நுளம்பாகிவிடும். யாழ்ப்பாணத்தில் மழை ஓய்ந்து வரும் மார்கழி, தையில்தான் டெங்கு ஏறும். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் அண்ணாந்து பீலியைத்தான் பார்ப்பார். நுளம்பு பெருக இடம்விட்டால் தண்டிக்கும் சட்டம் 2007 இலேயே வந்துவிட்டது. பராமரிக்க முடியாத பீலியை வைத்திருப்பதைவிட இல்லாமலிருப்பது மேல் என்று நான் நினைப்பதற்கு இதுவும் காரணம்.

எதைப் பொருத்தினாலும், வேலையாட்கள் ஏணியை இறக்கும் முன் மேட்டு முனையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கால்மணி நேரம் கழித்து ஏறிப் பாருங்கள். ஒரு மீற்றருக்கு 5 மில்லிமீற்றர் சரிவு இருந்தால் ஈரம் மட்டும்தான் இருக்கும். எங்காவது விரல் நுனி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றால், அந்தத் தாங்கியை அப்போதே உயர்த்தச் சொல்ல வேண்டும். காசு கொடுத்தபின் வரமாட்டார்கள்.

எங்கள் குளியலறைப் பக்கத்தில் நாலடி நீளப் பழைய தகரம் ஒன்று இன்னும் இருக்கிறது. பிவிசித் துண்டு போதவில்லை, ஐப்பசி பிறந்துவிட்டது, நாடா ஒட்டி விட்டிருக்கிறேன். மச்சான் அதைக் காட்டி, "நான் சொன்ன பெயின்ற் அடிச்சிருந்தா..." என்று தொடங்குகிறார். தை பிறக்கட்டும், பார்க்கலாம்.